அக்கா பெயரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமையில் எங்கள் சர்ச் பங்கில் பதிந்திருந்த கல்யாண வயதுப் பையன்கள் அத்தனை பேருக்கும் என் அக்கா ரோஸ்மேரி விருப்பம் தெரிவித்தாள். பெண்களில் பாதிப் பேருக்கும் தெரிவித்தாள். மனைவியை இழந்த ஒருவருக்கு இரண்டு தடவை தெரிவித்தாள். இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது அக்கா மந்தைவெளியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் தலைமுடி உலர்த்திக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. செய்தது நான். அதாவது நேரடியாகச் செய்தது நான் இல்லை, செய்வதற்கு வழி பண்ணிக் கொடுத்தது நான். வக்கீல்கள் இந்த வித்தியாசத்தை மணிக்கணக்கில் பேசுவார்கள். எங்கள் வீட்டில் யாரும் வக்கீல் இல்லை.

தொண்ணூறுகளின் கடைசி அது. தி.நகரில் ரங்கநாதன் தெருவை ஒட்டிய ஒரு சந்தில், பாத்திரக் கடைக்கு மேல் மாடியில் எங்கள் கம்பெனி. கீழே எவர்சில்வர் குடங்கள் உருளும், மேலே மோடம் கத்தும். நான் வெப்சைட் எழுதுகிறவன். சென்னையில் அப்போது அந்த வேலை செய்தவர்கள் கொஞ்சம் பேர்தான் என்பதால் என்னை நான் ஒரு விஞ்ஞானியாக நினைத்துக்கொண்டிருந்தேன். இடுப்பில் பேஜர் வேறு. (அதில் வந்த செய்திகளில் முக்கால்வாசி அம்மா அனுப்பியவை. வரும்போது கறிவேப்பிலை வாங்கி வரவும்.) பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்கும்போது யாராவது 'தம்பி என்ன பண்றாப்ல?' என்று கேட்டால், அப்பா என்னை முந்திக்கொண்டு 'இன்டர்நெட்ல இருக்கான்' என்பார். ஏதோ நான் அதற்குள்ளேயே குடியிருப்பது மாதிரி.

எங்கள் பங்குச் சாமியார் ஃபாதர் சூசைநாதன் நல்ல மனிதர். புதிதாக எது வந்தாலும் பங்குக்கு வேண்டும் என்பவர். பங்கில் ஒரு திருமணத் தகவல் நிலையம் பல வருஷமாக நடந்துவந்தது. அடையாறு, திருவான்மியூர் பக்கத்திலிருந்தும் வந்து பதிந்துகொள்வார்கள். அதில் ஒரு வழக்கம் உண்டு. ஆரம்பத்தில் பெண் வீடும் பிள்ளை வீடும் நேரடியாகப் பேசிக்கொள்ளக் கூடாது. யாரைப் பிடித்திருந்தாலும் அலுவலகத்தில் சிஸ்டர் ஜெசிந்தாவிடம் சொல்ல வேண்டும். சிஸ்டர் அந்த வீட்டுக்குப் போன் செய்து விஷயத்தைச் சேர்ப்பிப்பார். வேண்டாம் என்றாலும் அவர்தான் சேர்ப்பிப்பார். முகத்துக்கு நேரே மறுக்கிற சங்கடம் யாருக்கும் கிடையாது. இதையே வெப்சைட்டாகச் செய்ய முடியுமா என்று ஃபாதர் அப்பாவிடம் கேட்டிருக்கிறார். 'ஜெரால்டுக்கு இதெல்லாம் ஒரு வேலையா ஃபாதர்?' என்று அப்பா என்னைக் கேட்காமலே ஒத்துக்கொண்டுவிட்டார். எங்கள் முதலாளியும், புண்ணியமாகப் போகட்டும், ஓய்வு நேரத்தில் செய் என்று விட்டுவிட்டார்.

ஏற்பாடு சுலபம். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பாஸ்வேர்டு. அதைக் கொடுத்து உள்ளே போனால் வரன்களின் போட்டோவும் விவரமும் தெரியும். ஒவ்வொன்றுக்கும் கீழே 'விருப்பம்', 'வேண்டாம்' என்று இரண்டு பட்டன். அழுத்தினால் சிஸ்டர் ஜெசிந்தாவின் கம்ப்யூட்டருக்குத் தகவல் போகும், சிஸ்டர் போன் செய்வார். 'வேண்டாம்' என்பதற்குக் காரணம் எழுத ஒரு கட்டமும் வைத்தேன். யாரும் கேட்காமல், என் சொந்த மூளையில் உதித்த கட்டம் அது.

சண்டை வந்தது வேறு இடத்தில். உள்ளே வந்திருப்பவர் யார் என்று வெப்சைட்டுக்கு எப்படித் தெரியும்? இதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று செஷன். பாஸ்வேர்டு கொடுத்து நுழைந்தவரை சர்வர், அதாவது வெப்சைட் குடியிருக்கும் கம்ப்யூட்டர், தன் கணக்கில் வைத்துக்கொள்ளும். இன்னார் உள்ளே இருக்கிறார், ரொம்ப நேரமாக அசைவில்லை, எழுந்து போய்விட்டார் போலிருக்கிறது, கதவைச் சாத்து என்று அதுவே பார்த்துக்கொள்ளும். இன்னொரு வழியில் சர்வர் யாரையும் ஞாபகம் வைத்துக்கொள்ளாது. பாஸ்வேர்டு சரியாக இருந்தால் 'இவர் இன்னார்' என்று ஒரு சீட்டு எழுதி, முத்திரை குத்தி, அவர் முன்னால் இருக்கும் கம்ப்யூட்டரிடமே கொடுத்துவிடும். அடுத்த தடவை கம்ப்யூட்டர் அந்தச் சீட்டை நீட்டும். முத்திரை சரியாக இருக்கிறதா, உள்ளே வா. கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற முகம் யாருடையது என்ற கேள்வியே கிடையாது. போட்டோ ஒட்டாத பஸ் பாஸ் மாதிரி.

நான் சீட்டுக் கட்சி. என்னோடு வேலை பார்த்த உமா செஷன் கட்சி. உமா மயிலாப்பூர்க்காரி. நான் ஒரு மணி நேரம் பேசுவதை இரண்டே கேள்வியில் கவிழ்த்துவிடுவாள். அதனாலேயே அவள் சொல்வதை நான் கேட்பதில்லை என்று வைத்திருந்தேன்.

"ஒருத்தர் உள்ள வந்து பார்த்துண்டே இருக்கார். திடீர்னு எழுந்து போயிட்டார். அவர் போயிட்டார்னு உன் சர்வருக்கு எப்படித் தெரியும்?" என்றாள்.

"ஏன் தெரியணும்?"

"அவரை வெளியில அனுப்பணும்னா?"

"கோயில் சைட்லேருந்து யாரை வெளிய அனுப்பப் போறோம் உமா? கோயில்னா எப்பவும் திறந்துதான் இருக்கணும்."

(இதைச் சொல்லிவிட்டு நானே சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை.)

"சரி, அந்தச் சீட்டு எத்தனை நேரம் செல்லும்? அரை மணி வச்சிருக்கியா?"

"பத்து வருஷம்."

"பத்து வருஷமா? அதுக்குள்ள கல்யாணம் ஆகி, குழந்தை ஸ்கூலுக்கே போயிண்டிருக்குமேடா!"

எனக்குச் சர்வரைப் பற்றித்தான் கவலை. எங்கோ அமெரிக்காவில் வாடகைக்கு எடுத்த சின்ன சர்வர். எல்லோரையும் ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னால் அது படுத்துவிடும் என்று வாதாடினேன். இந்த ஞானம் எனக்குக் கிடைத்தது ஒரு அமெரிக்கக் கட்டுரையில். அதை எழுதிய புண்ணியவானின் ஊரில் ஒரு ஆளுக்கு ஒரு கம்ப்யூட்டர். சீட்டு அவரவர் மேஜையில் அவரவர் கம்ப்யூட்டருக்குள் பத்திரமாக இருக்கும். எங்கள் பங்கில் மொத்தமாகத் தேடினாலும் வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்களை ஒரு ஆட்டோவில் ஏற்றிவிடலாம். இது எனக்குத் தெரியாத விஷயமா? தெரியும். தெரிந்தும் உறைக்கவில்லை. வெளியேறுவதற்கு ஒரு பட்டன்கூட வைக்கவில்லை. பக்கத்தின் அழகு கெட்டுவிடுமாம்.

இனி அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்கா பள்ளிக்கூட டீச்சர். முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தாள். வந்த வரன்கள் ஏதேதோ காரணத்தில் தட்டிப்போயின. சிலவற்றில் அவர்கள் வேண்டாம் என்றார்கள், சிலவற்றில் அவள். ஒவ்வொரு தடவையும் அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிட மாட்டாள். அக்கா மட்டும் ஒன்றும் நடக்காதது மாதிரி விடைத்தாள் திருத்திக்கொண்டிருப்பாள். அப்படி இருக்கும்போது திருவான்மியூரிலிருந்து பெனடிக்ட் என்று ஒருவர். பாலிடெக்னிக்கில் இயற்பியல் சொல்லித்தருகிறவர். கோயில் மண்டபத்தில் வைத்து ஒரு தடவை இருவரையும் பேச விட்டார்கள். வீடு திரும்பிய அக்காவிடம் அம்மா பயந்துகொண்டே 'எப்படிடி?' என்று கேட்டாள். 'பரவாயில்லை' என்றாள் அக்கா. அதுவரை யாருக்கும் அந்த வார்த்தை கிடைத்ததில்லை. அன்று ராத்திரி பாத்திரம் துலக்கும்போது அவள் மெல்லப் பாடிக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது. பெனடிக்ட் வீட்டார் ஒரு ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு வந்து முடிவு சொல்வதாக ஏற்பாடு. அதே ஞாயிறு காலை, இரண்டாம் பூசைக்குப் பிறகு, என் வெப்சைட் திறப்பு விழா.

திறப்பு விழாவில் யாராவது ஒருவர் பெயரில் உள்ளே போய்க் காட்ட வேண்டும். யார் பெயரில் போகலாம் என்று அப்பாவிடம் கேட்டேன்.

"நம்ம ரோஸியைப் போடு. அவ விவரம் எல்லாம் அங்கதானே இருக்கு. முதல் பேரு நம்ம வீட்டுப் பேரா இருக்கட்டும்" என்றார்.

போட்டேன். அக்கா பக்கத்து அறையில்தான் இருந்தாள். அவளிடம் கேட்கலாம் என்று அப்பாவுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

கோயிலுக்கு எதிரே நாகு என்பவரின் பிரவுசிங் சென்டர். மூன்று கம்ப்யூட்டர். அதில் ஒன்றில்தான் இன்டர்நெட், மற்ற இரண்டும் டைப்படிக்க. ஃபாதர் வந்தார். அப்பா இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். நான் அக்காவின் பாஸ்வேர்டைப் போட்டு உள்ளே போனேன். மேலே 'வருக ரோஸ்மேரி' என்று ரோஜா நிறத்தில் எழுத்து வந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். ஃபாதர் கம்ப்யூட்டரை மந்திரித்துத் தீர்த்தம் தெளித்தார். கீபோர்டில் தண்ணீர் போய்விடுமோ என்று நான் பாய்ந்து போய்க் குறுக்கே நின்றதில் முழுத் தீர்த்தமும் என் மேல்தான் விழுந்தது. அன்று நடந்ததைப் பார்க்கும்போது, அது எனக்குப் பலிக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

பிறகு குடும்பங்கள் வரிசையில் நின்றன. கையில் பாஸ்வேர்டு உள்ள கவர். நான் வெளியே பெட்டிக்கடையில் பன்னீர் சோடா குடித்துக்கொண்டு, வெளியே வருகிறவர்களின் வாழ்த்துகளை ஏற்றுக்கொண்டிருந்தேன்.

முதலில் வந்த ஒரு ஆண்ட்டி சொன்னார்: "ரொம்ப சுலபமா இருக்கு தம்பி. கவரைப் பிரிக்கவே வேண்டியதில்ல."

இந்த இடத்தில் எந்த மடையனுக்கும் சந்தேகம் வந்திருக்க வேண்டும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அதுதான் ஆண்ட்டி டெக்னாலஜி" என்றேன்.

அடுத்து வந்தவர் என் தோளைத் தட்டினார். "அக்கா பேரை மேலயே போட்டிருக்கியே. அக்கா மேல எவ்வளவு பாசம்!"

அதற்கும் தலை குனிந்து, அடக்கமாகச் சிரித்தேன். சிரித்த முகத்தை இன்று நினைத்தாலும் அறைய வேண்டும் போலிருக்கிறது.

நாகு மட்டும் ஒரு தடவை வெளியே வந்து சலித்துக்கொண்டார். "இன்னா சார், கோயிலு கும்பல் மொத்தமும் இங்கயே குந்திகினு கீது. ஒருத்தர் எய்ந்தா ஒருத்தர் குந்துறாங்கோ. சீட்டு சூடு ஆறவே மாட்டுது."

வீட்டுக்குப் போய் மீன்குழம்பு சாப்பிட்டுத் தூங்கினேன். நான் தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில் சிஸ்டர் ஜெசிந்தா தன் கம்ப்யூட்டரில் வந்து குவிந்த தகவல்களைப் பார்த்திருக்கிறார். எல்லாமே ரோஸ்மேரியிடமிருந்து. சிஸ்டருக்குக் கொஞ்சம் குழப்பம்தான். 'ஆனா மெஷின் சொல்லுதே. அதுவும் ஜெரால்டு செஞ்ச மெஷின்' என்று பிறகு சொன்னார். என் மேல் இருந்த நம்பிக்கையில் அந்த அம்மாள் மத்தியானம் முழுக்க உட்கார்ந்து ஒவ்வொரு வீட்டுக்கும் போன் செய்திருக்கிறார்.

மாலை நாலரைக்கே வாசலில் ஆட்டோ நின்றது. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், அவருடைய வயதான அம்மா, ஒரு வாழைத்தார். பெனடிக்டின் பெரியப்பாவாக இருக்கும் என்று அப்பா முடிவு கட்டி 'வாங்க வாங்க' என்று உட்கார வைத்தார். அம்மா கேசரி கொண்டுவந்தாள். அவர் பாலவாக்கத்தில் வீடு இருப்பதாகவும், கடல் காற்று உடம்புக்கு நல்லது என்றும் சொன்னார். அப்பாவும் ஆமாம் என்றார். பத்து நிமிஷத்தில் அடையாறிலிருந்து ஒரு குடும்பம். அவர்களைப் பெனடிக்டின் அத்தை வீடு என்று அப்பா நினைத்தார். பாலவாக்கத்துக்காரர் அவர்களைப் பெண்ணின் சொந்தக்காரர்கள் என்று நினைத்து எழுந்து கும்பிட்டார். அவர்களும் இவரைப் பெண்ணின் சித்தப்பா என்று நினைத்துப் பதிலுக்குக் கும்பிட்டார்கள். கொஞ்ச நேரம் எங்கள் வீட்டில் எல்லோரும் எல்லோரையும் ரொம்ப மரியாதையாக நடத்திக்கொண்டிருந்தார்கள்.

பிறகு இரண்டு தெரு தள்ளியிருந்த ஒருவர் வந்தார். வாசலிலேயே நின்றார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க பொண்ணு எங்க பொண்ணுக்கு விருப்பம் தெரிவிச்சிருக்குன்னு சிஸ்டர் போன் பண்ணாங்க. அது என்ன விஷயம்னு கேட்டுட்டுப் போலாம்னு..."

பாலவாக்கத்துக்காரர் கேசரிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "எனக்கும் போன் வந்துதுங்க. ரெண்டு தடவை வந்துது. அதனாலதான் உடனே கிளம்பி வந்தோம்" என்றார். அடையாறு குடும்பத்துத் தலைவர் தொண்டையைச் செருமினார்.

அப்போது போன் அடித்தது. அப்பா எடுத்தார். பெனடிக்டின் அம்மா.

"சொல்லுங்கம்மா. உங்களுக்காகத்தான் காத்துட்டிருக்கோம்... என்ன? யாரு சொன்னது?... நெத்தியா? என்ன நெத்தி?"

அக்கா உள்ளறைக் கதவருகில் வந்து நின்றாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை. அதற்குள் எனக்கு ஆண்ட்டியும் கவரும் சூடு ஆறாத நாற்காலியும் ஒன்றன்பின் ஒன்றாக விளங்கிவிட்டன. காலையில் நான் அக்கா பெயரில் திறந்து வைத்ததிலேயே அத்தனை பேரும் பட்டன் அழுத்தியிருக்கிறார்கள்.

யாரோ ஒருவர் அக்காவின் பெயரில் பெனடிக்டுக்கு 'வேண்டாம்' அழுத்தியிருக்கிறார். நான் பெருமையாக வைத்த கட்டத்தில் காரணமும் எழுதியிருக்கிறார். 'பையனுக்கு நெற்றி ஏறிக்கொண்டே போகிறது. கல்யாணத்துக்குள் பின்மண்டைக்கு வந்துவிடும். இஷ்டமில்லை.' சிஸ்டர் ஜெசிந்தா பொய் சொல்லத் தெரியாதவர். ஒரு எழுத்து விடாமல் படித்துக் காட்டியிருக்கிறார். (எழுதியது யார் என்று இன்றுவரை தெரியாது. சர்வரைக் கேட்கலாம் என்றால், எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளாதே என்று அதைப் பழக்கியதே நான்தான். எனக்கு ஒருவர் மேல் சந்தேகம் உண்டு. அவர் தலையில் முடி என்று ஒன்றுமே கிடையாது.)

அப்பா போனை வைத்தார். "அவங்க வரலையாம்" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "என்னடா பண்ணினே?"

நான் வந்திருந்த விருந்தாளிகள் அத்தனை பேருக்கும் முன்னால் நின்று விளக்க ஆரம்பித்தேன். சீட்டு, முத்திரை, சர்வரின் ஞாபகசக்தி. அது ஒரு உயர்ந்த முறை, அமெரிக்காவில் பெரிய பெரிய ஆட்கள் சிபாரிசு செய்வது என்று சொன்னதாகவும் ஞாபகம். முடித்ததும் பாலவாக்கத்துக்காரர் மட்டும் ஒரு கேள்வி கேட்டார்.

"அப்ப இந்த நிமிஷம் அந்த மெஷின்ல யாராவது உக்காந்தாலும் உங்க அக்கா பேர்லதான் போகுமா தம்பி?"

"ஆமாங்க."

"அப்ப நீ ஏன் இங்க நின்னு பேசிட்டிருக்கே?"

அக்கா செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். "ஸ்கூட்டரை எடு" என்றாள். அவ்வளவுதான்.

நாகுவின் சென்டரில் அந்த நாற்காலியில் ஒரு பெரியவர் உட்கார்ந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, நிதானமாகப் பட்டனை அழுத்திக்கொண்டிருந்தார். திரையில் 'வருக ரோஸ்மேரி'. அக்கா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"என்ன அங்கிள் பண்றீங்க?"

"என் பையனுக்குப் பொண்ணு பார்க்கிறேம்மா. நீ யாரு?"

"நான்தான் ரோஸ்மேரி."

"அட, இந்த சைட் ரோஸ்மேரியா? ரொம்ப நல்லா நடத்துறேம்மா" என்று அவர் எழுந்து கை கூப்பினார்.

நான் பதற்றத்தில் பிளக்கைப் பிடுங்கினேன். நாகு 'இன்னா சார் பண்றே!' என்று கத்தினார். திரும்பப் போட்டால், மோடம் சாவகாசமாகக் கத்தி முடித்து, அதே ரோஜா நிறத்தில் 'வருக ரோஸ்மேரி'. பத்து வருஷத்துக்குச் செல்லும் சீட்டாயிற்றே. அக்கா பின்னால் நின்றுகொண்டிருக்க, அந்தச் சீட்டு எந்த மூலையில் இருக்கிறது என்று தேடித் தேடி அழித்தேன். வியர்வை சட்டையோடு ஒட்டியது.

அங்கிருந்து திருவான்மியூர். வழி முழுக்க அக்கா என் தோளைப் பிடிக்காமல் வண்டியின் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அவள் திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

பெனடிக்டின் அம்மா கதவைத் திறந்தார், கிரில்லைத் திறக்கவில்லை. பின்னால் பெனடிக்ட் நின்றுகொண்டிருந்தார். (நெற்றி கொஞ்சம் ஏறித்தான் இருந்தது. அந்த நேரத்தில் என் கண் அங்கேதான் போய் நின்றது என்பதையும் வெட்கத்தோடு சொல்லிவிடுகிறேன்.) நான் கிரில் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறுபடி சீட்டிலிருந்து ஆரம்பித்தேன். பெனடிக்டுக்குப் பாதியிலேயே புரிந்துவிட்டது என்று தெரிந்தது. அந்த அம்மாளுக்குப் புரிய வேண்டிய அவசியம் இல்லை.

"எங்களுக்கு ஒண்ணும் வருத்தமில்லப்பா. பிடிக்கலைன்னா பிடிக்கலை. மேற்கொண்டு எதுவும்னா ஆபீஸ்ல சொல்லி அனுப்புறோம்" என்றார்.

"ஆபீஸ் வேணாம் ஆண்ட்டி" என்றாள் அக்கா.

அவள் குரல் நடுங்கியது. அக்கா குரல் நடுங்கி நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"அதை நான் எழுதலை. இன்னிக்கு என் பேர்ல போன எதையும் நான் எழுதலை. எனக்கு இவரைப் பிடிச்சிருக்கு. இதை நானே என் வாயால சொல்றேன். உங்களுக்கு வேணாம்னா நீங்களும் இங்கயே சொல்லிடுங்க. எனக்கு யாரும் போன் பண்ண வேணாம்."

எங்கள் பங்கில் ஒரு பெண் இப்படிப் பிள்ளை வீட்டு வாசலில் நின்று பேசியதாக வரலாறு இல்லை. பக்கத்து வீட்டு ஜன்னலில் இரண்டு தலைகள் தெரிந்தன. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு அடக்கமான மனுஷி அவள். அவளை ஊர் பார்க்க நடுத்தெருவில் நிறுத்தி இதைச் சொல்ல வைத்தவன் நான். அந்த ஒரு நிமிஷத்துக்கு என்னிடம் இன்றுவரை சமாதானம் இல்லை.

பெனடிக்ட் முன்னால் வந்து கிரில்லைத் திறந்தார். "எழுதினது யாரோ, பொய் எழுதலை" என்று நெற்றியைத் தடவிக்கொண்டார். "உள்ள வாங்க." அவருடைய அம்மா கொஞ்சம் யோசித்தார். பிறகு காபி போட உள்ளே போனார்.

திரும்பி வரும்போது இருட்டிவிட்டது. அடையாறு பாலத்தின் மேல் வண்டி போகும்போது நான் ஆரம்பித்தேன். "அக்கா, நாளைக்கே பாஸ்வேர்டு விஷயத்தை மாத்திடறேன். உமா சொன்ன மாதிரி..."

"பாஸ்வேர்டை விடுடா" என்றாள் பின்னாலிருந்து. "யார் யாரோ தெரியாம பண்ணாங்க. அவங்களுக்கு அது என் பேர்ல போகுதுன்னே தெரியாது. நீயும் அப்பாவும் தெரிஞ்சுதானே போட்டீங்க? பக்கத்து ரூம்லதான் இருந்தேன். என் பேரைப் போடறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

வண்டி ஓட்டுகிற சாக்கில் நான் ரோட்டையே பார்த்தேன். வீடு வந்து சேரும் வரை அவள் அழுதுகொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன். திரும்பிப் பார்க்க என்னால் முடியவில்லை.

மறுநாள் தி.நகரில் உமாவிடம் நடந்ததைச் சொன்னேன். நான் எதிர்பார்த்தது மாதிரி அவள் சிரிக்கவில்லை. 'அக்கா எப்படி இருக்கா?' என்றுதான் முதலில் கேட்டாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து மொத்தத்தையும் செஷனுக்கு மாற்றினாள். பதினைந்து நிமிஷம் சும்மா இருந்தால் சர்வரே வெளியே அனுப்பிவிடும். வெளியேறும் பட்டனைப் பக்கத்தின் நட்டநடுவில் சிவப்பில் வைத்தாள். காரணம் எழுதும் கட்டத்தைத் தூக்கினாள். சர்வர் படுக்கவில்லை. பங்கில்தான் குறை சொன்னார்கள். 'முன்ன நல்லா இருந்துது தம்பி, கவரே பிரிக்க வேண்டாம். இப்ப என்னென்னமோ கேக்குது.' வந்த விருந்தாளிகளிடமெல்லாம் நானும் அப்பாவும் வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்டோம். பாலவாக்கத்துக்காரர் மட்டும் எங்களை உட்கார வைத்து இளநீர் கொடுத்து அனுப்பினார்.

அக்காவுக்கும் பெனடிக்ட் அத்தானுக்கும் கல்யாணம் நடந்தது. அத்தானின் நெற்றி அந்த முகம் தெரியாத மனிதர் சொன்ன இடத்துக்கே போய்ச் சேர்ந்துவிட்டது. ஆனால் எங்கள் வீட்டில் இன்றும் சிரிக்கிற விஷயம் அது இல்லை. எல்லோரும் சேர்ந்து ஹோட்டலுக்குப் போனால், சர்வர் வந்து நின்றதும் அத்தான் ரொம்ப மரியாதையாக அக்கா பக்கம் திரும்புவார். "மேடம், உங்க பேர்ல ஒரு காபி சொல்லலாமா?" பிள்ளைகளும் பிடித்துக்கொண்டார்கள். "அம்மா, உங்க பேர்ல ஒரு இட்லி? உங்க பேர்ல ஒரு ஆட்டோ?" அப்பாகூடக் கடைசிக் காலத்தில் கோயிலில் அவள் பேரில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுவதற்கு முன் போன் போட்டு அனுமதி கேட்டார். மேஜையே சிரிக்கும். அக்காவும் சிரிப்பாள்.

என் முறை வரும்போது நானும் கேட்பேன். மற்றவர்கள் வேடிக்கைக்குக் கேட்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். நான் நிஜமாகவே கேட்கிறேன் என்றும் தெரியும். அதனாலோ என்னவோ, எனக்கு மட்டும் அவள் உடனே பதில் சொல்வதில்லை. கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பிறகுதான் 'சரி, சொல்லு' என்பாள்.